ஆறா, ஆறவா?

எனக்குப் பொறாமை உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை. யார் மேல் என்றால், என் சகலை மேல், அதாவது என் கொழுந்தியாளின் கணவன் மேல். அவன் வேலைக்காகவோ வண்டிக்காகவோ இல்லை. தலைமுடி விஷயத்தில் கொஞ்சம் உண்டு, அது போகட்டும். என் வயிறு எரிவதெல்லாம் ஒரே ஓர் எழுத்துக்காக. 'டா' என்கிற எழுத்து.

என் மாமனார் அவனை 'டா' போட்டுக் கூப்பிடுவார். என்னை "வாங்க மாப்பிள்ளை" என்பார்.

"மரியாதை கொடுத்தா வயிறு எரியற ஒரே ஜென்மம் நீங்கதான்" என்று என் வீட்டுக்காரி சொல்வாள். அவளுக்கு என்ன, அவள் அவர் பெற்ற பெண். பதினாலு வருஷமாக அந்த வீட்டுக்குப் போய் வருகிறேன். "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை, காப்பி சாப்பிடறீங்களா மாப்பிள்ளை" என்று மூன்று வாக்கியம் வரும். பிறகு அவர் பேப்பரை எடுத்துக்கொள்வார், நான் மின்விசிறியைப் பார்ப்பேன். பேங்க் மேனேஜர் அறைக்கு வெளியே காத்திருப்பவன்கூட இதைவிடச் சகஜமாக இருப்பான்.

சகலை அந்தக் குடும்பத்துக்கு வந்து மூன்றே வருஷம். கல்யாணம் ஆன இரண்டாவது மாதம், "டேய், இந்தப் பாட்டில் மூடியைத் திறடா, எனக்குக் கை வழுக்குது" என்று மாமா அவனிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். பாட்டில் என் பக்கத்தில் இருந்தது. திறக்கிற கை எனக்கும் இரண்டு உண்டு. அவன் அறையின் அந்தக் கோடியிலிருந்து எழுந்து வந்து திறந்தான்.

மாமா பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். டிக்கெட் வாங்கியிருந்தாலும் பையைத் தடவத் தோன்றும். அந்தப் பார்வையைப் பார்த்துச் சிரிக்கிற தைரியம் சகலைக்கு இருந்தது. எனக்கு இல்லை. பதினாலு வருஷமாகப் பையைத் தடவிக்கொண்டிருக்கிறேன்.

நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். சகலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையலறையில் மேற்பார்வையாளன். நோயாளிகளுக்குப் போகிற சாப்பாடு உள்ளே வரைக்கும் வெந்திருக்கிறதா, சூடாகப் போகிறதா, கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று பார்ப்பது அவன் பொறுப்பு. மாமா வீட்டு ஃப்ரிட்ஜ் நான் கொடுத்தது. பத்து வருஷமாக ஒரு முனகல் இல்லாமல் ஓடுகிறது. ஓடுகிற ஃப்ரிட்ஜை யாரும் மெச்ச மாட்டார்கள். நின்றால்தான் மெக்கானிக் ஞாபகம் வருவான்.

போன வருஷம் சகலை ஒரு மைக்ரோவேவ் வாங்கி வந்தான். அந்தச் சமையலறையில் மிச்சம் இருந்த ஒரே ப்ளக் ஃப்ரிட்ஜுக்கு மேலே சுவரில் இருந்தது. ஆக, என் ஃப்ரிட்ஜின் தலைமேல் அவனுடைய மைக்ரோவேவ் ஏறி உட்கார்ந்தது. "அங்க வைக்காதீங்க, ரெண்டுக்கும் சூடு வெளிய போக இடம் வேணும்" என்று தொழில் முறையில்தான் சொன்னேன். என் வீட்டுக்காரியும் கொழுந்தியாளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சகலை மட்டும், "அண்ணன் சொல்றது சரி" என்று கீழே ஒரு பலகை கொடுத்துத் தூக்கி, பின்னால் நாலு விரல் இடம் விட்டு வைத்தான். "எவ்வளவு பொறுப்பு பாருங்க மாப்பிள்ளை" என்றார் மாமா என்னிடம். யோசனை என்னுடையது. பொறுப்பு அவனுடையது.

பிறகு ஒரு வெள்ளைத் தாளில் குண்டு குண்டாக எழுதி மைக்ரோவேவ் கதவில் ஒட்டினான். முட்டையை ஓட்டோடு வைக்காதே, வெடிக்கும். உலோகப் பாத்திரம் வேண்டாம். கடையில் வந்த பிளாஸ்டிக் டப்பாவோடு வைக்காதே. மூடி போடு, ஆனால் ஆவி போக வழி விடு. நடுவில் ஒருமுறை கிளறு. கடைசியாக ஆற விடு. இந்தக் கடைசி விதிக்கு மாமா விளக்கம் கேட்டார். "வெளிய எடுத்தப்புறமும் சூடு ஓரத்துலேருந்து நடுவுக்குப் போய்க்கிட்டே இருக்கும் மாமா. ஆற விடறதும் சமையல்தான்" என்றான். மாமா அதை ஒரு வாரம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். நான் பதினாலு வருஷத்தில் சொன்ன ஒரு வாக்கியமாவது அவருக்கு ஞாபகம் இருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். 'காப்பி போதும் மாமா' ஞாபகம் இருக்கலாம்.

இந்த நிலையில்தான் அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் வந்தது. என் வீட்டுக்காரியும் அவள் தங்கையும் மாற்றி மாற்றி ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். அதே வாரம் பார்த்து, மாமா இருக்கிற கட்டடத்தில் கேஸ் குழாய் மாற்றுகிறோம் என்று நாலு நாளைக்கு அடுப்பை நிறுத்திவிட்டார்கள். வெளிச் சாப்பாடும் ஆகாது. போன மாதம்தான் ஏதோ கடையில் அரைகுறையாக வெந்த கறியைத் தின்று வயிறு கெட்டு, ஐந்து நாள் கையில் ஊசியோடு படுத்திருந்துவிட்டு வந்தார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா இந்த வயசுக்கு உடம்பு தாங்காது" என்று டாக்டர் எங்கள் எல்லாரையும் நிற்க வைத்துச் சொல்லியிருந்தார்.

எனவே மாமாவுக்குச் சோறு போடுகிற பொறுப்பு இரண்டு மாப்பிள்ளைகள் தலையில் விழுந்தது. மத்தியானம் நான், சாயங்காலம் அவன். கையில் இருப்பது மைக்ரோவேவ் ஒன்றுதான்.

முதல் நாள் மத்தியானம் நான் ரொட்டியும் பாலும் கொடுத்தேன். மாமா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். சாயங்காலம் சகலை வந்து மீனை ஏதோ செய்திருக்கிறான். மறுநாள் காலை பத்து மணிக்கு நான் உள்ளே நுழைந்ததுமே, "வாங்க மாப்பிள்ளை, நேத்து அவன் ஒரு மீன் பண்ணினான் பாருங்க" என்று ஆரம்பித்தார். மீனின் மென்மை, மேலே தூவிய மிளகு, அதை அவன் பிட்டுப் பார்த்த அழகு என்று பத்து நிமிஷம் போயிற்று. எனக்குக் காப்பி கேட்கவே மறந்துவிட்டார். அவர் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அதுவும் அவனைப் பற்றி. "அப்படியா மாமா, அப்படியா மாமா" என்று தலையாட்டினேன். உள்ளே கொதித்த கொதிப்பில் ஒரு பானை சோறு வெந்திருக்கும்.

அன்றைக்குக் கோழி செய்வது என்று முடிவு கட்டினேன்.

ஃப்ரீசரில் ஒரு பொட்டலம் கோழி கல்லாகக் கிடந்தது. அதை வெளியே எடுக்கும்போதே போன் அடித்தது. சகலைதான். அவனுக்கு எப்படித்தான் மூக்கு வேர்க்குமோ.

"அண்ணே, ஃப்ரீசர்ல கோழி இருக்கு. செய்யறதா இருந்தா மைக்ரோவேவ்லயே இளக்கிடுங்க. காலைல எடுத்து வெளிய வெச்சிராதீங்க."

"தெரியும் சகலை."

"இளக்கினா கையோட சமைச்சிடணும். ஓரமெல்லாம் லேசா வெந்துடும், நடுவுல ஐஸா இருக்கும். அந்த வெதுவெதுப்புல விட்டா கிருமி குடும்பம் நடத்த ஆரம்பிச்சிடும்."

"தெரியும்னு சொன்னேனே."

நான் அவனை 'நீங்க' என்றுதான் பேசுவேன். மனதுக்குள்தான் 'அவன்'. அவன் என்னைக் கூப்பிடுகிற 'அண்ணே'யில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுவும் ஒரு எரிச்சல். கொஞ்சம் திமிராகப் பேசினால் நமக்கும் சௌகரியமாக இருக்கும் இல்லையா?

ஆனால் ஐஸ் இளக்குவதை எனக்குச் சொல்லித் தருவது கொல்லத் தெருவில் ஊசி விற்கிற வேலை. இருபது வருஷமாக ஐஸோடு குப்பை கொட்டுகிறவன் நான். பொட்டலத்தைப் பிரித்து, கோழிக்கு அடியில் இருந்த தெர்மோகோல் தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்தேன். இளக்குகிற பட்டனை அழுத்தினேன். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை திறந்து திருப்பிப் போட்டேன். ஒட்டிக்கொண்டிருந்த துண்டுகள் விலக விலக, இளகியதை வெளியே எடுத்து வைத்துக் கல்லாக இருந்ததை மட்டும் திரும்ப உள்ளே விட்டேன். ஓர் ஓரம்கூட வெளுக்கவில்லை. இதைப் பார்க்க அங்கே ஆள் இல்லையே என்றிருந்தது. மாமா கூடத்தில் பேப்பருக்குப் பின்னால் இருந்தார்.

வெங்காயம், உருளைக்கிழங்கு, தக்காளி நறுக்கினேன். கோழி பட்ட கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அதையும் செய்தேன். குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது. உப்பு, மிளகு, கொஞ்சம் எண்ணெய் போட்டுப் பிசறி மூடி போட்டேன். எத்தனை நிமிஷம் என்பது மட்டும் தெரியவில்லை. கதவில் ஒட்டியிருந்த தாளில் எல்லாம் இருந்தது. அது மட்டும் இல்லை.

அவனிடம் கேட்பதா என்று கண்ணாடிப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு இளக்கிய கோழி இளகியபடி இருக்கிறதே என்ற பயம் ஜெயித்தது. போன் போட்டேன். அங்கே பாத்திரம் உருள்கிற சத்தம், தண்ணீர் கொட்டுகிற சத்தம், யாரோ யாரையோ திட்டுகிற சத்தம். முந்நூறு பேர் சாப்பாடு கிளம்புகிற நேரம்.

"சொல்லுங்க அண்ணே!" என்று கத்தினான். நான் கேட்டேன். அவன் சொன்னான்: "மூடி போட்டு ஃபுல்ல பத்து வைங்க. எடுத்துக் கிளறுங்க. பெரிய துண்டை ஓரத்துக்குத் தள்ளுங்க, ஓரத்துலதான் சூடு ஜாஸ்தி. அப்புறம்..." இந்த இடத்தில் ஓர் அண்டாவோ என்னவோ விழுந்தது. "...ஆற வைங்க. கடைசில நடுத்துண்டுல குத்திப் பாருங்க, எழுபத்தஞ்சு காட்டணும். தெர்மாமீட்டர் டிராயர்ல இருக்கு!"

ஆற வைங்க என்று என் காதில் விழுந்தது. சரி, அதுதான் அவனுடைய கடைசி விதி, கதவிலேயே எழுதியிருக்கிறது. ஆனாலும் ஒரு சின்ன சந்தேகம் வந்தது. ஆற வைங்க என்றானா, ஆறு வைங்க என்றானா? பத்து வைங்க என்றவன் ஆறு வைங்க என்றும் சொல்லியிருக்கலாம் அல்லவா? 'ஆறா, ஆறவா?' என்று ஒரே ஒரு கேள்வி. இரண்டு விநாடி ஆகாது.

கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அவன் பொறுமையாகச் சொல்வான். "அண்ணே, நல்லவேளை கேட்டீங்க" என்பான். சாயங்காலம் வந்து மாமாவிடம், "அண்ணன் ரொம்ப கவனமா கேட்டுக் கேட்டுப் பண்ணினார்" என்று எனக்காக நல்ல வார்த்தையும் சொல்வான். அந்த நல்ல வார்த்தையை நினைத்தவுடனே போனை வைத்துவிட்டேன்.

பத்து வைத்தேன். தட்டு சுற்றியது. எடுத்துக் கிளறிப் பெரிய துண்டுகளை ஓரத்துக்குத் தள்ளினேன். ஆவி குபுகுபுவென்று வந்தது, உருளைக்கிழங்கு விரலால் நசுங்கியது, கோழியின் வெளிப்புறம் வெள்ளை வெளேரென்று வெந்திருந்தது. மூடியைப் போட்டு மேடையில் ஆற வைத்தேன். முழுசாகப் பத்து நிமிஷம். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காதாம், நான் பொறுத்தேன். அந்தப் பொறுமைக்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

தெர்மாமீட்டரை எடுக்கவில்லை. டிராயரைத் திறந்து பார்த்தேன், ஊசி வைத்த பேனா மாதிரி அவனுடைய சாமான். கோழிக்குக் காய்ச்சல் பார்க்க நான் என்ன கம்பவுண்டரா? டிராயரை மூடினேன்.

சோறும் மைக்ரோவேவில் ஏற்கெனவே வைத்தாகிவிட்டது. தட்டில் போட்டு, ஒரு பெரிய கால் துண்டாகப் பார்த்து வைத்து, மேலே சாறை ஊற்றி, மாமாவின் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அவர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, குனிந்து வாசனை பிடித்தார்.

"ஆஹா" என்றார்.

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மணமே ஆளைத் தூக்குதே மாப்பிள்ளை. நேத்து மீனெல்லாம் இதுகிட்ட வர முடியாது போலிருக்கே!"

இதை நான் இன்னொரு தடவை எழுதிக்கொள்ளலாம், ஆசைக்கு. நேத்து மீனெல்லாம் இதுகிட்ட வர முடியாது. பதினாலு வருஷத்துக்குப் பிறகு ஒரு வாக்கியம். என் வீட்டுக்காரி பக்கத்தில் இல்லையே, கொழுந்தியாள் இல்லையே, முக்கியமாக அவன் இல்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. இந்த மனுஷர் சாப்பிட்டு முடித்ததும் முதல் வேலையாக மூன்று பேருக்கும் போன் போட்டு, சும்மா நலம் விசாரிக்கிற மாதிரி இதைச் சொல்லிவிட வேண்டும் என்று கணக்குப் போட்டேன்.

மாமா முதலில் கோழிக்காலைத்தான் எடுத்தார். இரண்டு கையாலும் பிடித்துப் பிய்த்தார். எலும்போரம் சதை வெந்திருக்கவில்லை. ரோஜா நிறத்தில் வழவழவென்று இருந்தது. அங்கிருந்து சிவப்பாக ஒரு சொட்டு அவர் சோற்றில் விழுந்தது. கண்ணாடி நெற்றியில் இருந்ததால் அவர் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அப்போது புரிந்துவிட்டது. ஆற இல்லை, ஆறு.

இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு விநாடி நான் சும்மா நின்றேன். ஒன்றும் ஆகாது, ஒரு வாய்தானே என்று ஒரு நினைப்பு வந்தது. இப்போது வாயைத் திறந்தால் அந்த வாக்கியம் போய்விடும், திரும்ப வராது. சாயங்காலம் அவன் வந்து சிரித்துக்கொண்டே சரி செய்வான் என்றும் தோன்றியது. ஐந்து நாள் ஊசியோடு கிடந்த மனுஷர் என் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறார், எனக்கு அந்த நேரத்தில் என் பெயர்தான் பெரிதாக இருந்தது. பொறாமை எவ்வளவு தூரம் போகும் என்று எனக்கு அந்த ஒரு விநாடியில் தெரிந்தது.

துண்டு அவர் பல்லுக்குப் போய்விட்டது. நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன். கறியைப் பிடுங்கித் தட்டில் எறிந்து, தட்டையும் அவர் முன்னாலிருந்து இழுத்துக்கொண்டேன். சோறு மேஜை மேலும் அவர் சட்டை மேலும் சிதறியது.

"டேய்!" என்று மாமா கத்தினார். "என்னடா பண்றே? சாப்பிடற தட்டைப் பிடுங்கறியேடா, மனுஷனாடா நீ? பைத்தியம் புடிச்சுப் போச்சாடா உனக்கு?"

ஐந்து 'டா'. கணக்குத் தப்பில்லை, நான் எண்ணினேன். 'டேய்'யைச் சேர்த்தால் ஐந்து. கையில் தட்டை வைத்துக்கொண்டு, முழங்கை வரைக்கும் சாறு வழிய, நான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு மனிதனைத் திட்டும்போது அவனுக்குக் காது குளிரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

"வேகல மாமா" என்றேன். "உள்ள வேகவே இல்ல. தப்பு என்னோடது. வாய்ல ஏதாவது போச்சா?"

"எங்க போக விட்டே?" என்றார், மூச்சு வாங்க. கண்ணாடியை இறக்கித் தட்டைப் பார்த்தார். சிவப்பைப் பார்த்ததும் முகம் மாறியது. எழுந்து போய் வாயைக் கொப்பளித்தார், கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் வாசல் மணி அடித்தது. நோயாளிகள் சாப்பாட்டை அனுப்பிவிட்டு, அத்தைக்கு மாற்றுத் துணி எடுத்துப் போக வந்த சகலை உள்ளே நுழைந்தான். மேஜையில் சோறு, என் கையில் தட்டு, மாமாவின் சட்டையில் உருளைக்கிழங்கு. அதைப் பார்த்தவன் நேராகச் சமையலறைக்குப் போய் டிராயரைத் திறந்து தெர்மாமீட்டரை எடுத்துத் துடைத்து, பாத்திரத்தில் இருந்த பெரிய துண்டின் நடுவில் குத்தினான். நானும் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு.

"அப்புறம் ஆறு வைக்கச் சொன்னேனே அண்ணே, வெச்சீங்களா?"

"ஆற வெச்சேன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவனுக்கு உதடு துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை. "என் தப்புதான்" என்றான், கூடத்துக்குக் கேட்கிற மாதிரி. "மாமா, நான்தான் 'ஆறு நிமிஷம்'னு தெளிவா சொல்லாம விட்டுட்டேன். அண்ணன் மேல தப்பில்ல. அவர் பாத்துப் பிடுங்கலேன்னா இந்நேரம் நாம ஆம்புலன்ஸ்ல போய்க்கிட்டிருப்போம்."

பழியைக்கூட எனக்கென்று முழுசாக விட மாட்டான்.

"அவர் தெளிவாத்தான் சொன்னாரு மாமா" என்றேன். "எனக்குச் சந்தேகம் வந்துச்சு. திருப்பிக் கேக்கணும்னும் தோணுச்சு. கேக்கல."

"ஏன் கேக்கல?" என்றார் மாமா, கண்ணாடிக்கு மேலாக. டிக்கெட் எங்கே என்கிற அதே பார்வை.

இந்தத் தடவை பையைத் தடவவில்லை. "இவர்கிட்ட கேக்கப் பிடிக்கல" என்றேன்.

சகலை குனிந்து தெர்மாமீட்டரைத் துடைக்க ஆரம்பித்தான். அது ஏற்கெனவே துடைத்ததுதான். மாமா என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பிறகு சட்டையிலிருந்த உருளைக்கிழங்கை எடுத்து மேஜையில் வைத்தார். "சரி, எனக்குப் பசிக்குது" என்றார்.

தட்டில் இருந்த சோற்றைக் கொட்டினேன். சகலை பெரிய துண்டுகளை இரண்டிரண்டாக நறுக்கிக் கொடுத்தான், நான் பாத்திரத்தில் பரப்பி மூடி போட்டு உள்ளே வைத்தேன். ஆறு என்று அழுத்தினேன். மணி அடித்ததும் நானே ஊசியைக் குத்தினேன். ஒரு துண்டில் எண்பத்தொன்று, இன்னொன்றில் எழுபத்தெட்டு. எலும்போரத்தில் குத்தினேன், எழுபத்தேழு. எல்லாத் துண்டிலும் குத்தினேன்.

"இன்னும் என்ன?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

"ஆறணும் மாமா" என்றேன்.

"இன்னொரு ஆறா?"

"இல்ல மாமா, இது நிஜமாவே ஆறணும்."

சகலை அப்போதுதான் சிரித்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமே இல்லாமல். எனக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். அவன் முன்னால் சிரித்து அவனுக்கு அதையும் கொடுப்பானேன்?

மாமா சாப்பிட்டார். இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார். ஆனால் மீனோடு ஒப்பிட்டு ஒன்றும் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. கை கழுவிக்கொண்டு வந்தவர் என் முன்னால் நின்று தொண்டையைச் செருமினார்.

"மாப்பிள்ளை, அப்போ பதட்டத்துல வாய் தவறி ஒண்ணு ரெண்டு வார்த்தை வந்துடுச்சு. மனசுல வெச்சுக்காதீங்க."

"ஐயோ, பரவாயில்ல மாமா" என்றேன்.

மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்கிறார். வேறு எங்கே வைப்பது? ஐந்தையும் பத்திரமாக வைத்திருந்தேன். பச்சைக் கறியைக் கண்டபோதுகூட இவ்வளவு துக்கமாக இல்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கிடைத்த ஒரே சொத்து. மரியாதையாகத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அவர் கூடத்தில் சாய்வு நாற்காலிக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டார். நானும் சகலையும் சமையலறையைச் சுத்தம் செய்தோம். அவன் பாத்திரம் கழுவினான், நான் மேடையைத் துடைத்தேன். பலகையை அலசிக்கொண்டே அவன், "இளக்கினது ரொம்ப நல்லா இளக்கியிருந்தீங்க அண்ணே. ஓரம் ஒண்ணுகூட வறண்டு ரப்பராகல. எனக்கே அப்படி வராது" என்றான். ஆள் இல்லாமல் செய்ததை அவன்தான் கண்டுபிடித்தான். மாமா கண்டுபிடித்திருக்கலாம். 'ம்' என்று மட்டும் சொன்னேன்.

மைக்ரோவேவின் உள்புறத்தைத் துடைத்துவிட்டு, ஈரம் காயட்டும் என்று கதவைத் திறந்தே விட்டிருந்தேன். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாமாவுக்கு வீட்டில் தேவையில்லாமல் ஒரு விளக்கு எரிந்தால் தூக்கத்திலும் தெரிந்துவிடும்.

"அந்தப் பெட்டிக் கதவைச் சாத்துடா, லைட்டு எரியுது பாரு" என்றார், கண்ணைத் திறக்காமல்.

சமையலறையில் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். சகலை குழாயை நிறுத்தித் திரும்பினான், கையெல்லாம் நுரை. யாரைச் சொன்னீர்கள் மாமா என்று ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். காலையில் கேட்காமல் விட்டதற்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும்.

இந்தத் தடவையும் கேட்கவில்லை. அவன் கையைத் துடைப்பதற்குள் நான் போய்ச் சாத்திவிட்டேன்.